சாமப் பாட்டை நான் விட்ட கதை

ஒரு வருசம் கிட்ட என்னுடைய நாள் சாமம் 12 மணிக்குத்தான் தொடங்கியது. அந்த நேரம்தான் நைட் டேட்டா திறக்கும். பகல் டேட்டா மாதத்தின் இரண்டாம் கிழமையிலேயே முடிந்துவிடும், இரவு டேட்டா அள்ள அள்ளக் குறையாமல் கிடக்கும், அதனால் படமோ பாட்டோ எதுவென்றாலும் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு லைட்டை நூர்த்துவிட்டு, இயர்போனைக் காதில் செருகி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பார்ப்பது என்று பழகிவிட்டேன். 3 மணியாகும், சில நாள் கோயில் மணி கேட்கும் வரைக்கும் போகும். காலையில் 9 மணிக்கு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கடையில் நிற்க வேண்டும். போன் திருத்துகிற வேலை எனக்கு. உள்ளே இருக்கிற திருகாணி ஒவ்வொன்றும் எள்ளுப்போல இருக்கும், கண் எரிந்துகொண்டிருந்தால் அது கையில் நிற்காது.

கடைக்கு வருகிற பெடியளில் பலர் இப்போது இதே கோலத்தில்தான் வருகிறார்கள். போனை நீட்டும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற இயர்போன், திரையில் பாதியில் நிற்கிற ஒரு சோகப் பாட்டு. அவர்களிடம் கடையில் நின்று இதெல்லாம் கதைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இது தொடங்கியது கூட்டாளி கனடாவுக்குப் போன பிறகு. ஆறாம் வகுப்பில் இருந்து ஒரே வாங்கு, ஒரே ரியூசன், ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் இரண்டு தரம் சேர்ந்து எடுத்தோம், கம்பஸ் கிடைக்காமல் போனதும் சேர்ந்துதான். 2022 இல் பெற்றோலுக்கு வரிசை நின்றபோது அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு இரவு முழுக்க மாறி மாறிக் காவல் இருந்தோம். பின்னேரம் கடை பூட்டியதும் பரமேஸ்வராச் சந்தியில் ஒரு பிளேன்ரீ, பிறகு பண்ணைக் கடற்கரை வரைக்கும் ஒரு ஓட்டம், கடற்காற்றில் ஒரு மணித்தியாலம் கதை. அவன் விமானம் ஏறிய பிறகு அந்த நேரம் முழுக்கச் சும்மா கிடந்தது. சண்டை இல்லை, துரோகம் இல்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. பழைய கல்யாண வீட்டுப் படம் ஒன்றில் நாங்கள் எட்டுப்பேர் தோளில் கை போட்டபடி நிற்கிறோம், அதில் இப்போது ஊரில் இருப்பது என்னோடு சேர்த்து இரண்டு பேர்.

அந்த வெற்றிடத்தில் பாட்டு வந்து குந்திக்கொண்டது. முதலில் நானாகத் தேடிக் கேட்டேன். பிறகு யூடியூப் தன்பாட்டில் அடுத்தடுத்துப் போடத் தொடங்கியது. ஒரு சோகப் பாட்டை முழுதாகக் கேட்டால் அதே சாயலில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கும், அதையும் கேட்டால் இன்னும் ஒரு படி கீழே இறக்கும். சோகப் பாட்டுக்கு நான் எதிரி இல்லை. இளையராஜாவின் பாட்டுகளில் அழவைக்கிறவைதான் எனக்கு இன்றைக்கும் கூடப் பிடிக்கும். நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டு அழுதுவிட்டால் நெஞ்சு இளகும், அது உண்மை. ஆனால் எனக்கு அழுகையே வரவில்லை. ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு ஒரே யோசனையைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். நான் ஏன் இன்னும் இங்கே நிற்கிறேன், அந்தப் பரீட்சையில் இன்னும் கொஞ்சம் புள்ளி எடுத்திருந்தால் என்ன, அம்மா அப்பாவுக்குப் பிறகு என்ன. பாட்டு அந்த யோசனைக்குத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா மத்தியானச் சாப்பாட்டில் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். “ராசா, உனக்கு என்னடா செய்யுது?” என்று அம்மா ஒருநாள் தலையைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று. கையைத் தட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு சுடுகிறது.

பிறகு தண்டவாளத்தில் நடந்தது.

எங்கள் பக்கம் கேற் இல்லாத கடவை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு 1990 இல் போரால் ரயில் நின்றது, 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. 24 வருசம். தண்டவாளமே இல்லாமல் பற்றை மண்டிக் கிடந்த பாதை அது, என் வயதுக்காரர் பலர் ஏ.எல். படிக்கிற காலத்தில்தான் ஊரில் முதன்முதலாக ரயிலைக் கண்டோம். சிறுவயதில் இருந்து பழகாததாலோ என்னவோ கடவைக்குக் கிட்டப் போகும்போது நின்று பார்க்கிற பழக்கம் பலருக்கு உடம்பில் ஊறவில்லை. அன்றைக்குப் பின்னேரம் நான் சைக்கிளில் வருகிறேன், இரண்டு காதிலும் இயர்போன், சத்தம் முழுக்க ஏற்றி வைத்திருக்கிறேன். சைக்கிள் திடீரென்று பின்னுக்கு இழுபட்டது. காலை ஊன்றித் திரும்பினால் வேட்டி கட்டிய ஐயா ஒருவர் என்னுடைய கரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. அடுத்த கணம் முகத்தில் காற்று அடித்தது. ரயில் போய் முடிந்த பிறகுதான் இயர்போனைக் கழற்றினேன். “டேய் தம்பி, காது கேக்காதோ? சாகவோ வந்தனி?” அவருடைய கை நடுங்கிக்கொண்டு இருந்தது. அவருடைய வாழைக்குலை ரோட்டில் விழுந்து கிடந்தது. அதைத் தூக்கிக் கொடுக்கக்கூட எனக்கு வரவில்லை.

நான் சாகப் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே “இல்லை ஐயா” என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அடுத்த நாள் டிஸ்பென்சரிக்குப் போனேன். சின்ன வயதில் இருந்து எங்களைப் பார்க்கிற டொக்டர். அவர் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, நித்திரையைப் பற்றிக் கேட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழும்புகிறாய், சாப்பாடு எப்படி, முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கிறதா, இது எத்தனை நாளாக. உயிரை விடுகிற எண்ணம் வருகிறதா என்றும் நேராகவே கேட்டார். இரண்டு கிழமைக்கு மேலாக அனேகமான நாள்கள் மனசு இப்படிக் கிடந்தால் அதைச் சும்மா மூட் என்று விட்டுவிடக் கூடாது, காட்ட வேண்டும் என்றார். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளியே போக முடியாத நேரத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலும் கதைக்கலாம். அந்த இலக்கத்தை அவருக்கு முன்னாலேயே போனில் பதிந்தேன். வாசிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன், பதிந்து வையுங்கள். எடுக்கத் தேவை வராமல் போனாலும் சரி.

ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பி வைக்கச் சொன்னார். இரவு படுத்த நேரம், கடைசியாகக் கேட்டது அல்லது பார்த்தது, காலையில் மனசு எப்படி, மூன்றே மூன்று. நான் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதினேன். மூன்று கிழமையிலேயே கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. 11 மணிக்குப் பிறகு போனோடு படுத்த நாள்களின் அடுத்த காலை முழுக்க ‘பாரம்’, ‘பாரம்’, ‘எரிச்சல்’, ‘பாரம்’. பின்னேரம் வீட்டு முற்றத்தில் சத்தமாகப் பாட்டுப் போட்ட இரண்டு நாளில் ‘பரவாயில்லை’. அந்த இரண்டு நாளும் கேட்டவை அதே பாட்டுகள்தான்! அதைப் பார்த்துவிட்டு நான் கனநேரம் கொப்பியை மூடாமல் இருந்தேன். பாட்டை மாற்றத் தேவையில்லை, கேட்கிற நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முதல் வேலையாகப் போனை அறையை விட்டு வெளியே எடுத்தேன். சாமியறையில் ஒரு பிளக் பொயின்ற் இருக்கிறது, 10 மணிக்கு அங்கே சார்ஜில் போட்டுவிட்டு வருவது. எழும்புவதற்கு அலாரம் வேண்டுமே என்று ஒரு சாக்கு வரும், அதற்குச் சின்ன மணிக்கூடு ஒன்று வாங்கி வைத்தேன். நைட் டேட்டா இல்லாத, பகல் டேட்டா மட்டும் உள்ள பக்கேஜுக்கு மாறினேன். ஜிபி குறைவுதான். ஆனால் சும்மா கிடைக்கிறது என்பதற்காகவே சாமத்தில் விழித்திருந்தவன் நான், அந்த ஆசையைக் காசு கொடுத்து நிறுத்தியது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. முதல் ஐந்து இரவு நரகம். கை தானாகத் தலையணைக்குக் கீழே போகும். ஆறாவது இரவு எழும்பிப் போய் விறாந்தையில் இருந்தேன், அங்கே அப்பா ஏற்கெனவே இருந்தார். அவருக்கும் நித்திரை குறைவாம், எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

அப்பா கதைக்கத் தொடங்கியது டைனமோவைப் பற்றி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போது நாங்கள் பட்ட பாட்டை அவர் சிரித்துக்கொண்டே பார்த்தாராம். 1990 இல் குடாநாட்டில் கரண்ட் நின்றபோது அவருக்கு 20 வயது. வருசக்கணக்கில் இருட்டு. பற்றரி வரத் தடை, மண்ணெண்ணெய் பவுண் விலை, ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. ரேடியோ கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை ரயரில் சாய்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட், அதுவும் ஏசி, அதை டீசி ஆக்க நாலு டயோட்டைப் பற்றவைத்துக் கொடுத்தது சந்தியில் இருந்த ரேடியோக் கடைக்காரர். சுற்றுகிறவர் களைத்தால் சத்தம் தேயும், “சுத்தடா, சுத்தடா” என்று மற்றவர்கள் கத்துவார்கள். பிபிசி தமிழோசைச் செய்திக்கு ஒருவர், திருச்சி வானொலிப் பாட்டுக்கு இன்னொருவர் என்று முறை வைத்துச் சுற்றினார்களாம். படம் பார்ப்பது என்றால் ஒழுங்கை முழுக்கக் காசு சேர்த்து, ஜெனரேட்டரும் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நாலு படம். பாதியில் பெற்றோல் முடிந்தால் அந்தப் படத்தின் முடிவு அடுத்த முறைதான் தெரியும்.

“பயமாத்தான் இருந்தது தம்பி. ஷெல்லுக்கும் பயம், ஹெலிக்கும் பயம். ஆனாத் தனிய இருந்து கேட்ட பாட்டு எண்டு எனக்கு ஒண்டுகூட ஞாபகம் இல்லை.”

அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை, நினைவு வந்து சொன்னார். அந்தக் காலத்தைப் போல இனி ஒரு காலம் வரவே கூடாது. ஆனாலும் அவர் சொன்னது என்னை விடவில்லை. ஒரு பாட்டுக்கு ஒருவர் கை நோகச் சுற்ற வேண்டும், பக்கத்தில் நாலு பேர் இருக்க வேண்டும். எனக்கோ உலகத்துப் பாட்டு முழுக்க உள்ளங்கையில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

அலமாரிக்கு மேலே இருந்த தகரப் பெட்டியை அடுத்த ஞாயிறு இறக்கினோம். 11 கசெட். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்தபோது சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய பையில் இவையும் போய், திரும்பியும் வந்தவை. ரெக்கோடிங் பாரில் ஒரு துண்டில் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்துப் பதிவித்தவை, உள்ளே அட்டையில் அப்பாவின் இளவயதுக் கையெழுத்து, நீல மை. 60 நிமிசக் கசெட்டில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டுத்தான் கொள்ளும், எதை விடுவது எதைச் சேர்ப்பது என்று கிழமைக்கணக்கில் யோசித்தாராம். பிளேயரைக் கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் பட்டி உருகிக் கருப்பட்டிப் பாகுபோலக் கப்பியில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்துத் துடைத்து எடுத்தேன், விரல் முழுக்கக் கறுப்பு, ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. ஹெட்டையும் துடைத்து, புதுப் பட்டி ஒன்று தேடிப் போட்டேன். பத்து மணித்தியாலமாகப் போன் திருத்தினாலும் வராத ஒரு திருப்தி அன்றைக்கு வந்தது. பாட்டு வந்ததும் அம்மா குசினிக்குள் இருந்து அடுத்த வரியைப் பாடினார். அம்மா பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.

அப்பாவின் கசெட்டைப் பார்த்துத்தான் நானும் பட்டியல் போடத் தொடங்கினேன். இசைச் சிகிச்சையில் ஐசோ முறை என்று ஒன்று உண்டு, ஐரா ஆல்ட்ஷுலர் என்கிற மனநல மருத்துவர் 1940களில் சொன்னது. மனசு இருக்கிற நிலைக்குப் பொருத்தமான இசையில் தொடங்கி, மெல்ல மெல்ல அதை நாம் போக விரும்புகிற நிலைக்கு நகர்த்துவது. துக்கத்தில் இருக்கிறவனுக்கு எடுத்த எடுப்பில் குத்துப் பாட்டுப் போட்டால் எரிச்சல்தான் வரும், எனக்கு அது பலமுறை நடந்திருக்கிறது. என்னுடைய பட்டியலில் ஆறு பாட்டு. முதலாவது நன்றாக அழவைக்கிறது. இரண்டாவது அதே சோகம், ஆனால் தாளம் கொஞ்சம் கூட. மூன்றாவது மழைப் பாட்டு. ஐந்தாவதுக்கு வரும்போது கால் தானாகத் தட்டும். ஆறாவது முடிந்ததும் நிறுத்துவது, ஓட்டோபிளேயை அணைத்தே வைத்திருக்கிறேன். ஒழுங்கு முக்கியம், கலைத்துப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், அது வேலை செய்யவில்லை. மனசு மிகவும் பாரமான நாளில் இதுவும் உதவாது, அன்றைக்குப் பாட்டே வேண்டாம், யாரோடாவது போய் இருக்க வேண்டும்.

படம் பார்ப்பதையும் மாற்றினேன். போனில் ஒரு படத்தை நாலு இரவாக, ஒன்றரை மடங்கு வேகத்தில், நடுவில் வேறு எதையோ பார்த்துக்கொண்டு பார்த்தவன், இப்போது மாதத்தில் ஒன்று தியேட்டரில் பார்க்கிறேன். பெரும்பாலும் ராஜா அல்லது செல்வா. யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போவேன், பெரியம்மாவின் மகனோ, கடையில் வேலை பழகுகிற தம்பியோ. படம் நல்லதோ கூடாததோ, வெளியே வந்து கொத்து ரொட்டிக்கு நிற்கும்போது அதைப் பற்றிச் சண்டை பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒருமுறை அப்பாவையும் கூட்டிப் போனேன். வின்சர், வெலிங்டன், ராணி, ரீகல் என்று அவர் காலத்துத் தியேட்டர்களை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015 இல் இருந்து நடக்கிறது, எனக்கோ அது இவ்வளவு காலமும் பெரிய ஆட்களின் காரியம் என்று ஒரு நினைப்பு. போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்கள் ஊர்ப் பெடியள் எடுத்த குறும்படங்களும் போடுகிறார்கள், திரையில் ஒரு அம்மா “சாப்பிட்டனியே?” என்று எங்கள் தமிழில் கேட்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு அழுகை வந்தது. ஒரு வருசமாக வராத அழுகை, முன்பின் தெரியாத நூறு பேருக்கு நடுவில் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த இணுவில் எங்களுக்குச் சைக்கிளில் போகிற தூரம்தான், ஆனாலும் மேளச் சமாவைச் சின்ன வயதில் சத்தம் என்று காதைப் பொத்திக்கொண்டு கடந்தவன் நான். போன திருவிழாவில் அப்பாவோடு முன்னுக்குப் போய் இருந்தேன். தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. கழியின் நுனி அடி ஒவ்வொன்றிலும் ஒரு சாண்தான் எழும்புகிறது, விரல்களோ கண்ணுக்குப் பிடிபடவில்லை. வேகம் ஏற ஏற எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் தொடையில் தாளம் போட்டபடி கண்ணை மூடினார், நானும் மூடினேன். நெஞ்சுக்குள்ளேயே அடிப்பது போல இருந்தது. இரண்டு மணித்தியாலம் எனக்கு என்னைப் பற்றிய யோசனை ஒன்றுமே வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்ததும் நித்திரை. கொப்பியில் அடுத்த நாள் ‘நல்லம்’ என்று எழுதியிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாரி மழை விடாமல் பெய்கிற நாள்களில் பழைய பாரம் வந்து எட்டிப் பார்க்கும். அப்போது கொப்பியைத் திரும்ப எடுப்பேன். சைக்கிளில் ஏறினால் இயர்போன் பைக்குள், இதில் எனக்குள் பேச்சே இல்லை. அந்த ஐயாவைத் தேடிப் போய் ஒரு நாள் கும்பிட்டுவிட்டும் வந்தேன். அவருக்கு என் முகம் மறந்துவிட்டது, பரவாயில்லை.

கூட்டாளி ஞாயிற்றுக்கிழமையில் எடுப்பான், எங்களுக்குப் பின்னேரம், அவனுக்கு விடிகாலை. போனைக் கசெட் பிளேயருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிப்போம், அவன் அங்கே கோப்பி குடிப்பான். போன கிழமை அவன்தான் கண்டுபிடித்தான், “மச்சான், பாட்டு இழுபடுது” என்று. கசெட் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும், நான் போட்ட பட்டி கொஞ்சம் தொய்வு, பாட்டு சுருதி இறங்கித்தான் வருகிறது. சரியான அளவில் ஒன்று தேடிப் போடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “அவசரமில்லைத் தம்பி, வாற ஞாயிறு பாப்பம்” என்றார்.